உப்பு அளக்கிற கை

உப்பு மீட்டரின் முனையைக் கிண்ணத்தில் நனைக்கும்போதே நொபுயேவுக்குச் சந்தேகம் தட்டியது. உப்புச் சோயா விழுதான மிசோவைக் கரைத்து வைத்த சூப்பில் ஆவியே இல்லை.

"என்னக்கா, ஆறிப்போயிருக்கு?"

"நீ பாலத்தத் தாண்டி வர்றத ஜன்னல்ல பாத்தேன். அரைச் செம்புத் தண்ணிய ஊத்திட்டேன்," என்றாள் ஓதகிரி அக்கா, கொஞ்சமும் கூச்சப்படாமல். "உன்கிட்ட நல்ல பேர் வாங்கணும்ல."

"நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி மிசோவப் போட்டுக் கலக்குவீங்க."

"பின்ன? வீட்டுல ஒரு மனுஷன் திங்க வேண்டாமா? உன் வீட்டுச் சூப்பக் குடிச்சுட்டு வந்து, பாத்திரம் கழுவின தண்ணிய ஊத்துனாங்களான்னு கேட்டாரு அவரு."

நொபுயே சிரித்தாள். மீட்டர் 0.7 என்று காட்டியது. நூறு பங்கு சூப்பில் முக்கால் பங்குகூட உப்பில்லை என்று அர்த்தம். 0.8-க்குக் கீழே இருந்தால் பாராட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். முப்பது வருஷமாக அவள் செய்துவரும் வேலை அது. சம்பளம் கிடையாது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சை அட்டையும், சுகாதாரத் தொண்டர் என்ற பேரும் உண்டு.

வீண் வேலையும் அல்ல அது. ஜப்பானின் அந்த நாகானோ பள்ளத்தாக்கில் பாதி வருஷம் பனி. பனி விழுவதற்கு முன் கீரையையும் முள்ளங்கியையும் உப்புப் போட்டுத் தொட்டியில் அமுக்கி வைத்தால்தான் வசந்தம்வரை ஓடும். தேநீர் குடித்தாலும் ஊறுகாய், பேச்சுக்கு உட்கார்ந்தாலும் ஊறுகாய். அதனால் ஒரு காலத்தில் அந்த ஊர் ஆண்களில் பலர் அறுபதைப் பார்க்கவில்லை. நொபுயேவின் அப்பா குளியலறை வாசலில் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி, இரண்டு குளிர்காலம் படுக்கையில் கிடந்துதான் போனார். தலையில் ரத்தக்குழாய் வெடித்ததற்குக் காரணம் உப்பு என்று அன்றைக்கு வந்த நர்ஸ் சொன்னாள். அன்றிலிருந்து உப்பு நொபுயேவுக்கு எதிரி. அவளும் மற்றப் பெண்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஊரில் வாதத்தில் விழுகிறவர்கள் குறைந்தார்கள். அது கண்ணால் பார்த்த உண்மை.

ஊர் மண்டபத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் நாளில், நொபுயேவின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும்தான் எப்போதும் எல்லாரையும்விடக் குறைவு. "மேல தொண்ணூத்திரண்டு," என்று நர்ஸ் உரக்கப் படிப்பாள். "நொபுயே வீட்டுச் சமையல்னா சும்மாவா?" பெண்கள் கை தட்டுவார்கள். மூத்தவன் கசுமா முகம் வெளுத்து நிற்பான். சின்னவள் மினோரி மரத்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒல்லிப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

ஓதகிரி அக்காவின் வாசலில் செருப்பை மாட்டும்போது கைபேசி அடித்தது. காளான் தொழிற்சாலையிலிருந்து பேசினார்கள். ரெண்டு நாளாக வாந்தியும் பேதியுமாக இருந்த மினோரி, அதோடு வேலைக்கு வந்து, பொட்டலம் கட்டும் இடத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்றாளாம்.

*

டாக்டர் குராஷினா முப்பதைத் தாண்டியிருப்பாள். கட்டில் பக்கத்தில் நின்று முதலில் கேட்ட கேள்வி கால் பற்றியதாக இல்லை.

"மினோரி, உனக்கு உப்புப் பிடிக்குமா?"

மினோரி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். அவள் கையில் ஊசி ஏறியிருந்தது. தலைமாட்டில் இருந்த பெட்டியில் அவள் இதயம் பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா. சும்மா சொல்லு."

"பிடிக்கும்," என்றாள் மினோரி. "வேலை செய்யற எடத்துல என் அலமாரில உமெப் பழ ஊறுகாய் ஜாடி இருக்கு. உப்புப் பொட்டலமும் இருக்கு. வெறும் உப்ப நாக்குல வெச்சுப்பேன்."

நொபுயேவின் முகம் சூடானது. சுகாதாரத் தொண்டரின் மகள் ஒளிந்து உப்புத் தின்கிறாள். அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, அவமானம்தான்.

"நல்ல வேள தின்ன," என்றாள் டாக்டர். "இல்லன்னா இதுவரைக்கும் வந்திருக்க மாட்ட."

பிறகு வெளியே வராந்தாவில் நொபுயேவையும் அவள் கணவன் கென்சாகுவையும் உட்காரவைத்து, ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாள். கென்சாகு ஊரின் நீர்க் காவலர். மலையிலிருந்து இறங்கும் வாய்க்காலில் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் பொறுப்பு. அது தெரிந்ததும் டாக்டரின் கை வேகமாக ஓடியது.

"சிறுநீரகம் குப்பைய மட்டும் பொறுக்கி எறியுதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. அப்படி இல்ல. வருஷக் கடைசில வீட்டக் கழுவறப்ப என்ன செய்வீங்க? சாமான் மொத்தத்தையும் முத்தத்துல கொண்டுவந்து போட்டுட்டு, வேணுங்கறத மட்டும் திரும்ப உள்ள எடுத்துட்டுப் போவீங்கல்ல? அதுவும் அதத்தான் செய்யுது, தினமும். ரத்தத்துல இருக்கற தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் மெல்லிசான குழாய்கள்ல எறக்கி விட்டுடும். அந்தக் குழாய் வாய்க்கால் மாதிரி. வழி நெடுகச் சின்னச் சின்ன மடைங்க. அது வழியா உப்பு திரும்பவும் ஒடம்புக்குள்ள பாயும். மிச்சம்தான் ஆத்துக்குப் போகும், மூத்திரமா."

"சரி," என்றார் கென்சாகு. "மடை எங்க கெட்டுருக்கு?"

"மொதல் மடைங்க எல்லாம் நல்லாருக்கு. கடைசிக்குக் கிட்ட, இங்க." அவள் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"ஒடைஞ்சிருக்கா, அடைச்சிருக்கா?"

"அடைச்சிருக்கு. பொறந்ததுலேருந்தே. உப்பு உள்ள வராம ஆத்தோட போயிடுது. உப்பு போனா தண்ணியும் கூடவே போகும். அதான் ரத்த அழுத்தம் எப்பவும் கம்மி. ஒடம்பு சும்மா இருக்குமா? கடைசில ஒரு மடை இருக்கு, அதுக்கு ஒரு காவக்காரன் இருக்கான். அவன்கிட்ட 'உப்பக் கொண்டா, கொண்டா'ன்னு கத்துது. அவன் கொண்டுவருவான். ஆனா அவன் பண்டமாத்துக்காரன். உப்பு ஒண்ணு உள்ள வரணும்னா பொட்டாசியம் ஒண்ணு வெளிய போகணும். கத்தக் கத்த உப்ப இழுத்து இழுத்துப் பொட்டாசியத்த வாரி எறைச்சுடறான். தசை சுருங்கி விரியறதுக்கு, இதயம் தாளம் தப்பாம அடிக்கறதுக்கு அந்தப் பொட்டாசியம்தான் வேணும். மினோரிக்கு ரத்தத்துல இருக்க வேண்டியதுல பாதிதான் இருந்துச்சு. வாந்தி பேதில இருந்ததும் போச்சு, கால் விழுந்துடுச்சு."

கென்சாகு தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நொபுயேவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நான் சமைச்சுப் போட்டதுனால வந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. இது உங்க ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்தது. ஒவ்வொருத்தருக்கும் அந்த மடையோட வரைபடம் ரெண்டு இருக்கும். உங்ககிட்ட ஒண்ணு பிழை, ஒண்ணு சரி. அவருக்கும் அப்படியே. ஒண்ணு சரியா இருந்தாப் போதும், மடை வேல செய்யும். ரெண்டு பிழையும் ஒரே பிள்ளைகிட்ட வந்து சேந்தாத்தான் கஷ்டம்." கொஞ்சம் தயங்கினாள். "ரத்தக் கொதிப்புக்கு இந்தப் பக்கத்துல நெறையப் பேர் சாப்பிடற மாத்திரை ஒண்ணு இருக்கு. அது இதே மடையத்தான் அடைக்கும். உங்க மக அந்த மாத்திரைய வாழ்நாள் பூரா சாப்பிட்ட மாதிரி. அவளுக்கு உப்புக் கொறைச்ச சாப்பாடு ஆகாது. உப்பு வேணும், பொட்டாசிய மாத்திரை வேணும். அது இருந்தா கெழவியாகற வரைக்கும் இருக்கலாம். பெரும்பாலும் இது ஆளக் கொல்ற வியாதி இல்ல."

பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல, திடீர்னு..."

கென்சாகு தாளை மடித்தார். "மூத்தவன். இருபத்திரண்டு வயசு. ஒன்பது வருஷம் ஆச்சு. ஊர்த் திருவிழா முடிஞ்சு வயித்தால போச்சு, வாந்தி. மறுநாள் காலைல எழுந்திரிக்கல. இதயம் நின்னுபோச்சு, காரணம் தெரியலன்னு எழுதிக் குடுத்தாங்க."

டாக்டர் பேனாவை மூடினாள்.

"அவருக்கும் இதுவான்னு தெரிஞ்சா நல்லது," என்றாள் மெதுவாக. "நான் சொன்னேன்ல, பெரும்பாலும் கொல்லாதுன்னு. உங்க வீட்டுல கொன்னிருந்தா, மினோரி விஷயத்துல அந்த நம்பிக்கைல இருக்க முடியாது. நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு சின்னக் கருவி வெச்சுத் தாளத்தக் கண்காணிக்கணும். ஒரு தடவ வாந்தி எடுத்தாக்கூட உடனே இங்க வந்து படுத்துடணும். சோதிச்சுப் பாக்க அவரோடது ஏதாவது மிச்சம் இருக்கா? பால் பல்லு, தொப்புள்கொடி?"

அந்த நாட்டில் பிள்ளை பிறந்தால், காய்ந்து விழும் கொடியை ஆஸ்பத்திரியே பவுலோனியா மரத்துச் சின்னப் பெட்டியில் வைத்துத் தாயிடம் கொடுத்துவிடும். தாய் அதைக் கடைசிவரை வைத்திருப்பாள். அவள் சாகும்போது அவள் சவப்பெட்டியில் போடுவார்கள். பிள்ளை முந்திக்கொண்டால் பிள்ளையோடு போடுவார்கள். மறு உலகத்தில் இவன் இன்னார் பிள்ளை என்று அடையாளம் காட்ட அதுதான் சாட்சி என்பது பேச்சு.

"அது அவனோடயே போயிடுச்சு," என்றார் கென்சாகு. "இவதான் அவன் கைல வெச்சா."

நொபுயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வைக்கவில்லை. சவப்பெட்டியை மூடுவதற்கு முன், எல்லாரும் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, அவளும் குனிந்து கையை உள்ளே விட்டாள். வெறும் கை. கொடி அவள் இடுப்புப் பட்டைக்குள் இருந்தது. இதையும் எரித்துவிட்டால் அவன் தன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது என்று தோன்றிவிட்டது. அதன்பின் அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அலமாரியின் அடியில், கல்யாணக் கிமோனோவுக்குக் கீழே பெட்டி கிடந்தது.

மறுநாள் காலை கென்சாகு வாய்க்காலுக்குப் போனதும் அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியில் கசுமாவின் பேரும் பிறந்த தேதியும் இருந்தன. திறக்கவில்லை. திறக்காமலேயே அவளுக்கு அந்தக் கடைசி நாள் வரிசையாகத் திறந்துகொண்டது. அரிசிக் கஞ்சி வைத்தாள். உப்புப் போடவில்லை. "அம்மா, உமெ ஒண்ணு குடேன்," என்றான். கொடுத்தாள். ஆனால் தொண்டர்கள் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த முறைப்படி, முந்தின நாள் பூராவும் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கிய உமெ. அவன் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் கிண்ண ஓரத்தில் வைத்தான். "இதுல ஒண்ணுமே இல்லம்மா," என்றான். வாய்க்கு ருசி தெரியவில்லை, காய்ச்சல் என்று அவள் நினைத்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். பெட்டி இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கசுமா காரணம் தெரியாமல் செத்தவனாகவே இருப்பான். காரணம் தெரியாத சாவோடு ஒன்பது வருஷம் வாழ்ந்தாயிற்று, மிச்சத்தையும் வாழ்ந்துவிடலாம்.

பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மினோரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கால் விரல்கள் அசைந்தன. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் சின்னப் பொட்டலத்தில் உப்பு வைத்திருந்தார்கள். அதைக் கிழித்துச் சோற்றில் கொட்டிக்கொண்டிருந்தவள், அம்மாவைப் பார்த்ததும் கையை மறைத்தாள். மறைத்தது பழக்கம். பிறகு அவளே அதைக் கவனித்து, கையைத் திரும்ப எடுத்தாள்.

"தின்னு," என்றாள் நொபுயே.

"பாத்துக்கிட்டே இருக்காத. தொண்டைல எறங்க மாட்டேங்குது."

நொபுயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எப்போலேருந்து இப்படி?"

"எதும்மா?"

"ஒளிஞ்சு திங்கறது."

மினோரி மென்று முடித்தாள். "ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே. அண்ணன்தான் சொல்லிக் குடுத்தான். நீ மீட்டரத் தூக்கிட்டுக் கெளம்புனதும் ஓதகிரி பெரியம்மா வீட்டுக் கொட்டகைக்கு ஓடிடுவோம். அவங்க ஊறுகாய்த் தொட்டில மேல நிக்கும்ல தண்ணி, அத அகப்பைல மொண்டு குடிப்போம். எனக்கு எட்டாது, அவன் தூக்கிப் பிடிப்பான். அவனுக்கு என்னவிட ஜாஸ்தி வேணும். 'நாம ரெண்டு பேரும் முன் ஜென்மத்துல கடல் மீனுடீ'ன்னு சொல்லுவான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? தொட்டி கொறையுதேன்னு எலிய வெச்சுத் திட்டுவாங்க. உப்புத் தண்ணி குடிக்கற எலி எங்க இருக்கு?"

மினோரி லேசாகச் சிரித்தாள். நொபுயே சிரிக்கவில்லை.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா குடுத்திருப்பியாம்மா?"

மினோரி குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்த உப்பை விரலால் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டுப் பெட்டியில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, பிறகு ஒரு நீண்ட இடைவெளி, பிறகு பழையபடி. நொபுயே அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

*

கென்சாகு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது பெட்டி மேசைமேல் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மூடியில் இருந்த பேரைப் படித்தார். துண்டு கையிலேயே நின்றது.

"வைக்கலியா நீ?"

"வைக்கலங்க."

அவர் உட்கார்ந்தார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

"அப்ப அவன் கொடி இல்லாமத்தான் போனானா," என்றார். "அங்க போய் யார் புள்ளன்னு சொல்லியிருப்பான்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. மடை உடைந்து வயல் மூழ்கிப்போனால் மேட்டில் நின்று பார்ப்பாரே, அந்த மாதிரி அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதக் குடுத்தா தெரிஞ்சுடும்," என்றாள் அவள். "அந்தக் கஞ்சி, அந்த உமெ எல்லாம்."

"ம்."

"குடுக்கட்டுமா?"

"என்ன எதுக்குக் கேக்கற? எடுத்து மேசமேல வெச்சுட்டல்ல." அவர் எழுந்தார். "வண்டிய எடுக்கறேன். வெயில்ல வைக்காத அத."

*

இலை சிவக்கத் தொடங்கியபோது சோதனையின் பதில் வந்தது. அதுவரை மினோரியை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். கொடியில் பாதிக்கும் மேலே சோதனைக்குப் போய்விட்டது. நகத்துண்டு அளவுக்கு மிச்சத்தைப் பஞ்சில் பொதிந்து பெட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். கசுமாவுக்கும் அதே இரண்டு பிழைகள், ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. மினோரியிடம் இருந்தவையேதான்.

"சமையல்தான் காரணமான்னு கேக்காதீங்க," என்றாள் டாக்டர், நொபுயே வாயைத் திறக்கும் முன்பே. "பொறப்புலேயே இருந்த வியாதி. வாந்தியும் பேதியும் சேந்து தள்ளுச்சு."

"உப்புப் போட்டுக் குடுத்திருந்தா?"

குராஷினா பொய் சொல்லத் தெரியாதவள். "அன்னிக்குப் பொட்டாசியம் ஊசில ஏத்த வேண்டியிருந்துச்சு. உப்பு மட்டும் போதுமான்னு தெரியல," என்றாள். "உதவியிருக்கும்."

நொபுயே தலையை ஆட்டினாள். நன்றி சொல்லிக் குனிந்து வணங்கினாள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, இருக்கைப் பட்டியை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். கென்சாகு குனிந்து மாட்டிவிட்டார்.

மினோரிக்கு நெஞ்சில் கருவி வைத்தார்கள். தோலுக்கு அடியில் ஒரு தீக்குச்சியைப் படுக்கவைத்த மாதிரி மேடாகத் தெரியும். அதைத் தொட்டுப் பார்க்க அம்மாவை விட்டாள், ஒரே ஒரு தடவை.

நொபுயே பச்சை அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மற்றப் பெண்கள் வாங்கவில்லை. ஓதகிரி அக்காதான் அதிகம் பேசினாள். "எங்க வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு மறுபடி நூத்தி எண்பது காட்டுது. நீ வராட்டி நான் யாருக்குப் பயந்து தண்ணி ஊத்தறது?" சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தொட்டித் தண்ணி கொறையறப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கணும் நான். புள்ளைங்க உன்கிட்ட அடி வாங்கும்னுதான் வாய மூடிக்கிட்டேன்."

ஊரில் உப்பு பல பேரைக் கொல்கிறது, இரண்டு பேரை உயிரோடு வைத்திருக்கப் பார்த்தது. இரண்டும் உண்மை. மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மினோரி வீடு திரும்பிய முதல் நாள் மத்தியானம் அவளுக்கு என்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் மிசோ சூப் வைத்தாள் நொபுயே. தாராளமாகப் போட்டதாகத்தான் நினைத்தாள். மீட்டரை நனைத்தாள். 0.7. இன்னும் ஒரு கரண்டி எடுத்தாள். கை சட்டிக்கு மேலே வந்ததும், பாதி மிசோவைத் தானாகவே டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டது. 0.8. மறுபடி எடுத்தாள். மறுபடியும் கை வழித்துவிட்டது. முப்பது வருஷம் பழகிய கை, அவள் சொல்வதைக் கேட்கவில்லை.

"கை வரமாட்டேங்குதுடி," என்றாள்.

மினோரி எழுந்து வந்து கரண்டியை வாங்கினாள். குவியக் குவிய எடுத்துப் போட்டுக் கரைத்தாள். மீட்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்பத்தான் சூப்பு."

நொபுயே அகப்பையில் மிச்சம் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தொண்டை எரிந்தது. சட்டியில் இன்னும் ஒரு கிண்ணத்துக்கு இருந்தது. கசுமாவின் படத்துக்கு முன்னால் தினமும் வைக்கிற கிண்ணத்தை எடுத்துவந்தாள். இத்தனை வருஷமும் அதிலும் 0.7-தான் ஊற்றிவந்திருக்கிறாள்.

அதைத் துடைத்து, நிறைய ஊற்றி, கொண்டுபோய் வைத்தாள். ஜாடியிலிருந்து தண்ணீரில் போடாத உமெ ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். ஆவி படத்தின் கண்ணாடியில் படிந்து அவன் முகத்தை மறைத்தது. அவள் துடைக்கவில்லை. அது தானாக விலகும்வரை அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.